மாம்பழத்தில் அரக்கு

பட்டுக்கடையில் பெண்டாட்டிக்காகக் காத்திருக்கும் ஆண்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பாவமாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. சுவரோரம் போட்டிருக்கும் நாற்காலியில் வந்து உட்காருவார்கள். காபி கொடுத்தால் குடிப்பார்கள். போனை நோண்டுவார்கள். சார்ஜ் தீர்ந்ததும் கால் ஆட ஆரம்பித்துவிடும். அப்புறம் அந்தக் குரல்: "இன்னும் எவ்ளோ நேரம்? எதையாச்சும் ஒண்ணை எடேன்." மெத்தையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா, ஆசையாக மடியில் போட்டுக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். வீட்டுக்குப் போய் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கடையில் விட்டுவிட்டு வந்த அந்த இன்னொரு புடவைதான் அவளுக்கு ஞாபகம் வரும். நானாகக் கற்பனை செய்து சொல்லவில்லை. திரும்பி வந்து என்னிடமே சொல்லி அழுதவர்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான் புத்தக அலமாரி வைத்தேன்.

என் பெயர் நஸ்னீன். காந்தி ரோட்டில், ஆதிகேசவன் முதலாளியின் பட்டுக்கடையில் முகூர்த்தப் புடவைப் பிரிவில் இருக்கிறேன். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்து, கேட்கிற கலரை எடுத்து விரித்துக் காட்டுகிற வேலை. வீடு செவிலிமேட்டில். டவுன் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் படிப்பேன். வீட்டில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் படிப்பேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை, புத்தகக் கண்காட்சியில் தள்ளுபடியில் அள்ளியவை என்று கட்டிலுக்கு அடியில் இடமில்லாமல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் இம்தியாஸ் ஆட்டோ ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். அவரே ஒருநாள், "காலை நீட்டினா புக்கு இடிக்குதும்மா" என்றார். கடையில் பிளவுஸ் துணி வைத்திருந்த அலமாரி ஒன்று காலியாகக் கிடந்தது. முதலாளியைக் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். கேட்காமலே கொண்டுபோய் அடுக்கிவிட்டேன்.

சும்மா அடுக்கி வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். புடவையும் அப்படித்தான், விரித்துக் காட்டினால்தான் கை நீளும். அதனால் அந்த வாரம் நான் படித்து முடித்த புத்தகத்தை மேல்தட்டில் வைத்து, ஒரு சீட்டில் என் கருத்தை எழுதிச் செருகுவேன். "உப்பளத்து வீடு" என்று இரண்டு பாகத்தில் ஒரு பழைய நாவல். மூன்று தலைமுறைக் கதை. அதற்கு நான் எழுதினது: "முதல் ஐம்பது பக்கம் உயிரை எடுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டாலும் போக மாட்டீர்கள்." சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்த ஒரு காண்ட்ராக்டர், மனைவி புடவை எடுத்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாவே வந்து, "ஏங்க, போலாமா?" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான காட்சி அதுதான்.

யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. ஆள் உள்ளே நுழைந்து செருப்பை விடுகிற தோரணையிலேயே சொல்லிவிடுவேன். அதிகாரம் பண்ணுகிறவருக்குப் பெரிய நாவல்; அதில் அதிகாரம் பண்ணுகிற எல்லாரும் கடைசியில் என்ன ஆகிறார்கள் என்று பார்க்கட்டும். முகத்தைத் தூக்கி வைத்திருப்பவருக்குச் சிரிப்புக் கட்டுரைகள். புதுமாப்பிள்ளைகளுக்கு, "சண்டைக்குப் பிறகு சாப்பாடு" என்று குட்டியாக ஒரு புத்தகம். அதை எழுதினவர் சமையல்காரரா மனோதத்துவ டாக்டரா என்று கடைசிவரை தெரியாது, ஆனால் அதில் இருக்கிற யோசனை எல்லாம் பலிக்கும். நானே செய்து பார்த்துத்தான் சீட்டு எழுதினேன்.

பெரிய நாவல் படிக்கிறவர் உசத்தி, இந்த மாதிரி யோசனைப் புத்தகம் படிக்கிறவர் மட்டம் என்று சில பேர் உதட்டைச் சுழிப்பார்கள். ஒரு கல்லூரி வாத்தியார் என் அலமாரியைப் பார்த்துவிட்டு, "இதையும் அதையும் ஒரே தட்டுல வச்சிருக்கீங்களேம்மா" என்றார். "முகூர்த்தப் பட்டும் வீட்டுல கட்டுற சுங்குடியும் ஒரே பீரோவுலதான சார் இருக்குது" என்றேன். போகும்போது அவர் மட்டம் என்று நினைத்த யோசனைப் புத்தகங்களில்தான் ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். திருப்பித் தரவேயில்லை.

முதலாளிக்கு அலமாரி பிடிக்கவில்லை. அவர் காரணத்தையும் மறைக்கவில்லை. "நீ பெரிய புத்திசாலின்னு நெனச்சிக்கினு இருக்கே. உக்காந்து உக்காந்து கடுப்பாயிட்ட புருஷன்தாம்மா நமக்கு யாவாரம். அவன் கத்துனாதான் அவ முடிவு பண்ணுவா. நீ அவனுக்குக் கதைப் புக்கு குடுத்து உக்கார வச்சா, அவ சாயந்தரம் வரைக்கும் ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்துக்கினே இருப்பா."

"பாக்கட்டுமே மொதலாளி. பிடிச்சதை எடுத்துக்கினு போனவங்க திரும்ப வருவாங்க."

"எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பியே" என்று போய்விட்டார். ஆனால் அலமாரியை எடுக்கச் சொல்லவில்லை. காரணம் அவருடைய மைத்துனர் பரசுராமன். ரிட்டயர் ஆனபின் "புகுந்த வீட்டில் புன்னகை" என்று ஒரு புத்தகம் எழுதிச் சொந்தச் செலவில் அச்சடித்திருந்தார். கட்டுக் கட்டாகக் குடோனில் கிடந்தது. அலமாரி என்று ஒன்று வந்ததும் முதலாளி அதில் ஒரு பிரதியைக் கொண்டுவந்து வைத்தார். நானும் படித்தேன். நல்ல மருமகள் எப்போதும் இரண்டாவதாகத்தான் பேச வேண்டுமாம். முதலில் பேசுகிறவர் யார் என்று தேடித் தேடிப் பார்த்தேன், புத்தகம் முழுக்க வீட்டில் மற்ற எல்லாருமே அவளுக்கு முன்னால் பேசினார்கள். அதற்கு மட்டும் நான் சீட்டு எழுதவில்லை.

இந்தக் கதைக்கு அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய புத்தகங்களின் அட்டை கிழிந்திருக்கும், பக்கம் உதிரும். கடையில் புடவைப் பெட்டிக்குள் வைக்கிற கலர் காகிதம் நிறைய மீந்து கிடக்கும். அதைக் கொண்டு எல்லாவற்றுக்கும் அட்டை போட்டேன். வெறும் அட்டை போட எனக்கு மனம் வரவில்லை. உடம்புக்கு ஒரு கலர், ஓரத்தில் கரைக்கு ஒரு கலர் என்று புடவை மாதிரியே ஒட்டினேன். அதன் பிறகு கடையில் யாரும் புத்தகத்தின் பெயரைச் சொல்வதேயில்லை. "அந்தக் கிளிப்பச்சையில வாடாமல்லி எங்க?" என்பார்கள். எங்கள் தொழிலில் முதலில் சொல்கிற கலர் உடம்பு, பின்னால் சொல்கிறது கரை. மாம்பழத்தில் அரக்கு என்றால் மாம்பழ மஞ்சள் உடம்பு, கருஞ்சிவப்புக் கரை. அரக்கில் மாம்பழம் என்றால் நேர் எதிர். காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பரசுராமனின் புத்தகத்துக்கு மாம்பழத்தில் அரக்கு. அதே காகிதத்தில் மீந்ததைத் திருப்பிப் போட்டு இன்னொரு புத்தகத்துக்கு ஒட்டியிருந்தேன். அந்த அரக்கில் மாம்பழம்தான் அப்போது நான் புதிதாகப் படித்து முடித்திருந்த "சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று சொல்லுங்கள்". இன்ஷூரன்ஸ் விற்க வரும் சித்தப்பாவிடம் எப்படி மாட்டேன் என்பது, நாலாவது இட்லியை எப்படி மறுப்பது என்று லேசாக ஆரம்பிக்கும். போகப் போகப் பெரிய மாட்டேன்களுக்குக் கொண்டுபோய் விடும். சீட்டில், "பெண்கள் எல்லாரும் படிக்கவும். ஆண்கள் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடவும்" என்று எழுதி வைத்திருந்தேன்.

தை முகூர்த்தங்களுக்குப் புடவை எடுக்கும் கூட்டம் கடையை நிறைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூந்தமல்லியிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வந்திறங்கியது. முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா, அம்சவேணி. நல்ல உயரம், கணீர்க் குரல். தன் அப்பாவோடு, எல்லாருக்கும் கடைசியில் செருப்பை விட்டுவிட்டு வந்தவள்தான் கல்யாணப் பெண், துர்காதேவி. அவள் வந்தது யாருக்கும் தெரியாத மாதிரி மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. அம்சவேணி அம்மா உட்காரும்போதே சொல்லிவிட்டார். "எங்க வீட்டுல முகூர்த்தம்னா அரக்குதான். எங்க மாமியாரு, நானு, எங்க மூத்த மருமவ, எல்லாருமே அரக்கு. அதுல நல்ல சரிகையா எடும்மா."

எடுத்துப் போட்டேன். அரக்கில் இருக்கிற அத்தனையும் போட்டேன். நடுவில் யாரோ வேறு கலரும் கேட்டதால் மயில்கழுத்துக் கலரில் வாடாமல்லிக் கரை போட்ட ஒன்றும் விரிந்து கிடந்தது. துர்காதேவி அதன் முந்தியை மட்டும் விரலால் ஒருமுறை தடவினாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். இத்தனை வருஷமாக மெத்தையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது தெரியாதா? "உங்களுக்கு எது பிடிச்சிருக்குதுமா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டேன். அம்சவேணி அம்மா, "அவளுக்கு இன்னா தெரியும், சின்னப் பொண்ணு" என்று சிரித்துக்கொண்டே அரக்குப் புடவையை என் பக்கம் தள்ளினார்.

பெரியவர்கள் சரிகையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டும், பெரிய கரையா சின்னக் கரையா என்று பேசிக்கொண்டும் இருந்தார்கள். துர்காதேவி எழுந்து போய் ஆண்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கல்லாவிலிருந்து முதலாளி அதைப் பார்த்தார். "ஏம்பா வேணு, பொண்ணு சும்மா உக்காந்துக்கினு இருக்குது பாரு. அந்த மாம்பழத்துல அரக்கு புக்கை எடுத்துக் குடு, படிக்கட்டும்" என்றார். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குப் பொருத்தமான புத்தகம் என்று அவருக்குள் ஒரு மகிழ்ச்சி.

வேணுகோபால் கடையில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் வாலாஜாபாத்தில் டைல்ஸ் கடையில் இருந்தான். டைல்ஸுக்கு உடம்பு ஏது, கரை ஏது? மாம்பழமும் அரக்கும் இருந்தால் சரி என்று எட்டி ஒன்றை எடுத்தான். அவன் எடுத்தது அரக்கில் மாம்பழம்.

எதிர்ப்பக்கத்தில் இருந்து நான் பார்த்துவிட்டேன். எழுந்து போய் மாற்றிக் கொடுத்திருக்கலாம். போகவில்லை. துர்காதேவி புத்தகத்தை மடியில் விரித்து வைத்துத் தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. புடவை மடிக்கிற சாக்கில் நானும் குனிந்துகொண்டேன்.

கடைசியில் ஒரு அரக்குப் புடவை முடிவாயிற்று. பெண்ணைக் கூப்பிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, தோளில் போட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். புத்தகம் இன்னும் அவள் இடது கையில் இருந்தது.

"எனக்கு இது வேணாம், அத்தை" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அம்சவேணி அம்மா முதலில் சிரித்தார். "வேணாமா? பின்ன?"

"அந்த மயில்கழுத்து."

"அதெல்லாம் ரிசப்ஷனுக்குப் பாத்துக்கலாம்."

"முகூர்த்தத்துக்கு, அத்தை. அரக்கு நான் கட்ட மாட்டேன்."

பெண்ணின் அப்பா, "துர்கா" என்று அதட்டப் பார்த்தார், குரல் வரவில்லை. அம்சவேணி அம்மாவின் பார்வை அவள் கையில் இருந்த புத்தகத்துக்குப் போயிற்று. பிடுங்கி முதல் பக்கத்தைத் திருப்பினார். தலைப்பை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். என் சீட்டையும் வாசித்தார்.

"இன்னா கடைப்பா இது? புடவ விக்கிறீங்களா, இல்ல வூட்டுக்கு வர்ற பொண்ணுங்களுக்கு எதுத்துப் பேச ட்ரெயினிங் குடுக்கிறீங்களா?"

எடுத்து வைத்த புடவைகள் எல்லாம் அப்படியே மெத்தையில் கிடந்தன. வேன் கிளம்பிப் போய்விட்டது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. நான் மெத்தையில் கிடந்ததை ஒவ்வொன்றாக மடித்தேன். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளே பூரிப்பாக இருந்தது. ஒரு புத்தகம் ஒரு பெண்ணுக்கு வாயைக் கொடுத்துவிட்டது. எத்தனை பேருக்கு எத்தனை புத்தகம் கொடுத்திருக்கிறேன், இப்படி உடனே பலித்ததை நான் பார்த்ததேயில்லை. ராத்திரி இம்தியாஸிடம் சொன்னபோது என் குரலில் இருந்த பெருமையை அவர் கவனித்தார்.

"அந்தப் பொண்ணு கதி இன்னா ஆச்சுன்னு யோசிச்சியா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் ஆவும்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க பூந்தமல்லியிலிருந்து முதலாளிக்குப் போன் வந்துகொண்டிருந்தது. பெண் இறங்கி வரவில்லையாம். கட்டினால் மயில்கழுத்து, இல்லாவிட்டால் தாலி கட்டுகிற அன்றைக்குப் பருத்திப் புடவையில் உட்காருவேன் என்கிறாளாம். அம்சவேணி அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதைச் சொல்லத்தான் முதலாளி என்னைக் கல்லாவுக்குக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழமை பொண்ணைக் கூட்டிக்கினு வர்றாங்க. கல்யாணத்துக்கு உண்டான புடவ மொத்தமும் நம்மகிட்டதான் எடுப்பாங்களாம். ஒரே ஒரு கண்டிசன். அந்தப் புக்கு மாறிப்போச்சுன்னு அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா நீ சொல்லணும். வேற புக்கு குடுக்க வேண்டியது, கை தவறி இதைக் குடுத்துட்டோம், இதுல இருக்கறதெல்லாம் வெளையாட்டுக்கு எழுதுனது, மனசுல வச்சிக்காதன்னு சொல்லிடு."

"நான் எதுக்கு சொல்லணும்?"

"அலமாரி உன்னுது. சீட்டு உன்னுது. அப்புறம், மாறிப்போனது நெசம்தான? வேணுவே சொல்லிட்டான், கலரைத் தப்பா எடுத்துட்டேன்னு. உன்னைப் பொய்யா சொல்லச் சொல்றேன்? உண்மையைத்தான சொல்லச் சொல்றேன்."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொல் என்றிருந்தால் மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். உண்மையைச் சொல் என்கிறார். அந்த உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அந்தப் பெண் வாய் திறந்து சொன்ன ஒரே ஒரு மாட்டேன், டைல்ஸ் கடைக்காரன் மாற்றி எடுத்ததால் வந்த மாட்டேன் ஆகிவிடும். வாழ்நாள் முழுக்க அவளைச் சொல்லிக் காட்டுவார்கள். அன்றைக்குக் கடையில் புக்கு மாறிப்போனதால் பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா என்று சிரிப்பார்கள்.

"சொல்லலைன்னா?" என்று கேட்டேன்.

"சொல்லலைன்னா அலமாரியும் வேணாம், நீயும் வேணாம்."

வீட்டில் இம்தியாஸ் எனக்கு ஆதரவாகப் பேசவில்லை. "ஒரு வார்த்தை, நஸ்னீன். அதுவும் நெசம். சொல்லிட்டு உன் வேலையைப் பாரு. உனக்கு அந்தக் கடை பிடிக்கும்" என்றார். எனக்கு அந்தக் கடை பிடிக்கும்தான். கை பட்டதும் சரசரக்கும் புதுப்பட்டின் சத்தம் பிடிக்கும். அலமாரி பிடிக்கும். செருப்பைக் கழற்றும்போதே ஆளை எடைபோடுவது பிடிக்கும். வேறு கடையில் போய் நின்றால் அங்கே யார் எனக்கு அலமாரி கொடுப்பார்கள்? அந்த வாரம் எந்தப் புத்தகமும் உள்ளே இறங்கவில்லை. பஸ்ஸில் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். இந்தமுறை வேன் இல்லை, ஒரு கார்தான். அம்சவேணி அம்மா, துர்காதேவி, பெண்ணின் அப்பா. மெத்தையில் அரக்குப் புடவையை முதலாளியே விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு புத்தகங்களும் இருந்தன, மாம்பழத்தில் அரக்கு ஒன்று, அரக்கில் மாம்பழம் ஒன்று. வேணுகோபால் தூணுக்குப் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். துர்காதேவி அன்றைக்கு உட்கார்ந்த அதே ஓரத்தில் உட்கார்ந்தாள். முகம் இளைத்திருந்தது. தூங்கின கண்ணாகத் தெரியவில்லை.

"சொல்லும்மா" என்றார் அம்சவேணி அம்மா. கோபமாக இல்லை. காரியம் முடியப்போகிற நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. "உன்மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை. தப்பு எல்லாருக்கும் நடக்கறதுதான்."

நான் இரண்டு புத்தகத்தையும் கையில் எடுத்தேன். மாம்பழத்தில் அரக்கைக் கீழே வைத்தேன்.

"மாறிப்போகலைம்மா" என்றேன்.

முதலாளி இருமினார்.

"மொதலாளி அதைக் குடுக்கச் சொன்னாரு. வேணு தெரியாம இதை எடுத்தான். அது நெசம். ஆனா நான் பாத்தேன். மாத்திக் குடுக்க எனக்கு நேரம் இருந்துச்சு. மாத்தலை. ஏன்னா அலமாரிகிட்ட நான் நின்னிருந்தா நானும் இதைத்தான் குடுத்திருப்பேன். இன்னிக்கு வந்தாலும் இதைத்தான் குடுப்பேன். தப்பா குடுத்துட்டேன்னு என் வாயால வராது."

"ஏய்" என்றார் முதலாளி.

"இதுல எழுதியிருக்கறது வெளையாட்டும் இல்லை. சிரிக்கச் சிரிக்க எழுதினா அது வெளையாட்டா? உப்பளத்து வீடுன்னு ஒரு பெரிய நாவல்ல ரெண்டு பாகம் முழுக்க அழுதுக்கினே சொல்றதை இதை எழுதுனவரு சிரிச்சிக்கினே சொல்லிட்டாரு, அவ்வளவுதான்."

அம்சவேணி அம்மா எழுந்துவிட்டார். "இன்னா திமிரு பாத்தீங்களா! வூட்டுப் பொண்ணைக் கெடுத்துட்டு, கெடுத்தேன்னு நெஞ்சை நிமித்திக்கினு வேற சொல்றா."

முதலாளியின் குரல் நடுங்கியது. அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நஸ்னீன், எந்திரி. உன் பையை எடுத்துக்கோ. கெளம்பு."

எழுந்தேன். சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் புத்தகத்துக்காக நான் வேலையை விட்டேன் என்று யார் கேட்டாலும் சொல்லலாம் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. என் பை கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பினேன்.

"இருங்கக்கா."

துர்காதேவி. கையை ஊன்றி எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அம்சவேணி அம்மாவைத்தான் பார்த்தாள்.

"அந்தப் புக்கை நான் படிக்கவே இல்லை, அத்தை."

"இன்னாது?"

"ஒரு வரிகூடப் படிக்கலை. பேரு இன்னான்னே நீங்க வாசிச்சப்போதான் எனக்குத் தெரியும். அன்னிக்கு எனக்கு அழுவ வந்துச்சு. எல்லாரும் பாப்பாங்களேன்னு, குடுத்த புக்கை விரிச்சு வச்சிக்கினு தலையைக் குனிஞ்சிக்கினேன்."

"அப்ப உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தது?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? அரக்கு எனக்குப் பிடிக்காது. சின்ன வயசுலேர்ந்தே பிடிக்காது. அதைச் சொன்னேன். வாரம் முழுக்க எல்லாரும் புக்கு புக்குன்னே பேசினீங்க. எங்கப்பாவும் புக்குன்னாரு. இந்த அக்காவும் இப்ப புக்குன்றாங்க." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "நானா சொன்னேன்னு ஒருத்தருக்காச்சும் தோணுச்சா?"

எனக்கு முகம் எரிந்தது. முதலாளி அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அரக்கில் மாம்பழம் என் கையில்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் அம்சவேணி அம்மாவும் நானும் எதிரெதிர்ப் பக்கம் நிற்பதாக நினைத்திருந்தேன். இரண்டு பேரும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே விஷயத்தைத்தான் நம்பியிருந்தோம்.

புத்தகத்தை நாற்காலியில் வைத்தேன். பையை எடுக்கப் போகவில்லை. திரும்பி வந்து மெத்தையில் உட்கார்ந்து, அடுக்கிலிருந்து மயில்கழுத்துப் புடவையை உருவினேன். முதலாளி கண்ணாலேயே வேண்டாம் என்றார். மடிப்பைப் பிரித்து, முந்தி முழுக்கத் தெரிகிற மாதிரி அரக்குப் புடவையின் மேலேயே விரித்துப் போட்டேன். வாடாமல்லிக் கரை மெத்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று.

அம்சவேணி அம்மா வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். அரக்கையும் பார்க்கவில்லை, மயில்கழுத்தையும் பார்க்கவில்லை, துர்காதேவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. அப்புறம் மெதுவாக உட்கார்ந்தார். கை தானாக நீண்டு முந்திச் சரிகையை விரலால் தேய்த்துப் பார்த்தது. முதலாளி மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. கிளம்பு என்றவர் மறுபடி அதைச் சொல்லவில்லை.

"கரை இதுல சின்னதா இருக்குதே. பெருசா இருக்கறது நல்லா இருக்குமா, இதே போதுமா?" என்று அம்சவேணி அம்மா என்னிடம் கேட்டார்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. இருபது காரணத்தோடு சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கொண்டேன். புடவையை மெத்தை மேலேயே இழுத்து துர்காதேவிக்கு முன்னால் போட்டேன்.

"என்னைக் கேக்காதீங்கம்மா" என்றேன். "அவங்களைக் கேளுங்க."